மூன்று மீட்டர் கழுத்தும் ஒரு பொறியாளரின் கோபமும்

ஐயா, வணக்கம்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊர்வனவான டானிஸ்ட்ரோஃபியஸின் கழுத்து கடித்துத் துண்டாக்கப்பட்டது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதன் பெரிய வகைக்கு ஐந்தாறு மீட்டர் உடம்பு, அதில் பாதி கழுத்து, அந்தக் கழுத்தில் 13 எலும்புதான் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. நான் பாலங்கள் கட்டும் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஒரு முனையில் மட்டும் பிடிமானம் வைத்து, அவ்வளவு நீளமாக, அவ்வளவு மெல்லியதாக எவராவது வரைந்துகொண்டு வந்திருந்தால் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஒரே கடியில் உயிர் போகிற இடத்தை இவ்வளவு நீளத்துக்கு இழுத்து வைத்திருப்பது பரிணாமத்தின் தோல்வி இல்லையா?

அப்புறம், இந்த விலங்கைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்த எலும்புகளை முதலில் கால் என்றிருக்கிறார்கள், பிறகு வால், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து. தரையில் வாழ்ந்தது என்றவர்கள் இப்போது கடல் என்கிறார்கள். குட்டி என்று சொன்னதைத் தனி இனம் என்கிறார்கள். இன்னும் இருபது வருடம் போனால் வேறு ஏதாவது சொல்வார்கள். எதை நம்புவது? கதை எழுதுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

நம் நாட்டில் இதுபோல ஏதாவது கிடைத்திருக்கிறதா என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
க., ஈரோடு

அன்புள்ள க. அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிவானால் கழுத்தைப் பற்றிய வழக்கைப் பேசுவது சுலபம்.

நீங்கள் போட்ட பட்டியல் சரிதான். கால், வால், இறக்கை, கழுத்து எல்லாமே சொல்லப்பட்டவைதான். ஆனால் சொன்னவர்களின் கையில் அந்தந்த நேரத்தில் என்ன இருந்தது என்பது உங்கள் பட்டியலில் இல்லை. அதையும் பக்கத்தில் எழுதிவிட்டால் படம் மாறிவிடும்.

1830களில் ஜெர்மனியின் பைராய்ட் பகுதிப் பாறைகளிலிருந்து நீண்ட, குழாய் போன்ற எலும்புகள் சில கிடைத்தன. தலை இல்லை, உடம்பு இல்லை, உதிரிகள் மட்டும். ஜார்ஜ் ஸு முன்ஸ்டர் அவற்றைக் கால் எலும்பு என்று எடுத்துக்கொண்டார். அப்படி ஓர் எலும்பைத் தனியாக என் கையில் கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். 1850களின் தொடக்கத்தில் ஹெர்மன் ஃபான் மேயர் அவற்றைப் பார்த்துவிட்டு, இவை முள்ளெலும்புகள் என்றார். அது சரி. ஆனால் வாலின் முள்ளெலும்புகள் என்று முடிவு கட்டினார். டானிஸ்ட்ரோஃபியஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். இவ்வளவு நீண்ட முள்ளெலும்புகளால் ஆன கழுத்தை அதுவரை மனிதர் யாரும் பார்த்ததில்லை என்பதை மறந்துவிட்டு அவரைக் குறை சொல்ல முடியாது.

இறக்கைக் கதை இதிலிருந்து வந்ததே இல்லை. அது ஆல்ப்ஸுக்குத் தெற்கே தனியாகத் தொடங்கியது. 1886இல் இத்தாலியின் பெசானோவில் கிடைத்த, நசுங்கிக் கலைந்துபோன ஒரு சிறிய எலும்புக்கூட்டை பிரான்செஸ்கோ பஸ்ஸானி ஆராய்ந்தார். மூன்று கூர்முனை கொண்ட பற்கள், கூடவே மெல்லிய நீண்ட எலும்புகள். பறக்கும் ஊர்வனவான டெரோசார்களுக்கு இறக்கையைத் தாங்குவது ஒற்றை நீள விரல். எனவே அந்த நீண்ட எலும்புகள் இறக்கை விரலின் எலும்புகள், விலங்கு ஒரு டெரோசார் என்று முடிவு செய்து டிரைபெலெசோடான் என்று பெயரிட்டார். ஜெர்மன் உதிரிகளுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1920களின் தொடக்கத்தில் ஃபிரான்ஸ் நோப்சா அதே எலும்புக்கூட்டை மறுபடி எடுத்து, இறக்கையோடு ஒரு மறுவடிவமே கொடுத்தார்.

நோப்சா சாதாரண ஆள் இல்லை. அல்பேனியாவின் மன்னர் பதவிக்குத் தன்னையே முன்னிறுத்திய பிரபு. அதை விடுங்கள், தீவில் சிக்கிக்கொண்ட டைனோசார்கள் தலைமுறை தலைமுறையாகக் குள்ளமாகியிருக்கின்றன என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர். அந்தக் கருத்து இன்றைக்கும் நிற்கிறது. அவ்வளவு கூர்மையான ஆளும் கழுத்தை விரல் என்றுதான் வாசித்தார். நசுங்கிக் கலைந்த ஒரே ஒரு எலும்புக்கூட்டிலிருந்து அதற்கு மேல் பிழிந்தெடுக்க முடியவில்லை. (அந்த மூல மாதிரி இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோனது.)

பெசானோவுக்கு மேலே எழும் மலைக்கு மோன்டே சான் ஜார்ஜியோ என்று பெயர். லுகானோ ஏரியின் தென்கரையில், சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் சந்திக்கும் இடம். அங்குள்ள கருப்பு நிறத் தகட்டுப் பாறைகள் 24 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடற்கழியின் அடிமண். அந்த அடித்தளத்தில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் மேலிருந்து விழுந்த பிணங்களைக் கிளறவும் சிதைக்கவும் ஆளில்லாமல் எலும்புகள் அடுக்குக் குலையாமல் படிந்தன. பாறையில் எண்ணெய்ப் பசை இருந்ததால் அதை வெட்டியெடுத்து, சூடாக்கி, வடிந்த எண்ணெயைச் சரும நோய்களுக்கு மருந்தாக விற்றிருக்கிறார்கள். எத்தனை அபூர்வ எலும்புக்கூடுகள் களிம்பாகப் போயின என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்தச் சுரங்க வேலையும் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பாறையை யாரும் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சூரிச் பல்கலைக்கழகத்தின் பெர்ன்ஹார்டு பேயர் அங்கே 1924இல் அகழாய்வைத் தொடங்கினார். 1929இல் எலும்புகள் ஒழுங்காக இணைந்த நிலையில் ஒரு டானிஸ்ட்ரோஃபியஸ் கிடைத்தது. தலைக்கும் தோளுக்கும் நடுவே, ஒன்றன்பின் ஒன்றாக, அதே நீண்ட எலும்புகள். இறக்கை அன்றோடு போயிற்று. டிரைபெலெசோடானும் டானிஸ்ட்ரோஃபியஸும் ஒன்றே என்பதும் அப்போது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவை கழுத்து எலும்புகள் என்ற முடிவை யாரும் அசைக்கவில்லை. கவனித்துப் பார்த்தால் சண்டையின் களம் சுருங்கிக்கொண்டே வந்திருப்பது தெரியும். முதல் நூறு ஆண்டுகள் இது உடம்பின் எந்தப் பாகம் என்று சண்டை. அது முடிந்ததும் தரையா நீரா என்று. பிறகு ஓரினமா ஈரினமா என்று. இப்போது எப்படி நீந்தியது என்பதில் வாதம் நடக்கிறது. இதை "மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்" என்று சொன்னால் அது நியாயமில்லை. அடுத்த இருபது ஆண்டுகளிலும் எதையாவது மாற்றுவார்கள், நிச்சயம். ஆனால் இறக்கை திரும்பி வராது.

குட்டி விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அது.

அந்த மலையில் இரண்டு அளவுகளில் டானிஸ்ட்ரோஃபியஸ் கிடைக்கிறது. சிறியது ஒன்றரை மீட்டர் அளவு, வாயில் மூன்று கூர்முனைப் பற்கள். பெரியது ஐந்து மீட்டரைத் தாண்டும், அதன் பற்கள் நீண்டு கூம்பாக இருக்கும். 1973இல் ரூபர்ட் வைல்டு இந்த விலங்கைப் பற்றிய மிக விரிவான ஆய்வை வெளியிட்டபோது, சிறியவை குட்டிகள், பெரியவை வளர்ந்தவை என்று விளக்கினார். குட்டிகள் கரையில் பூச்சி பிடித்துத் தின்றன, வளர்ந்ததும் பல் மாறி, உணவு மாறி, நீருக்குப் போயின. அழகான விளக்கம். வயதுக்கேற்ப உணவை மாற்றிக்கொள்ளும் ஊர்வன இன்றைக்கும் உண்டு என்பதால் நம்பத்தகாதது என்றும் சொல்ல முடியாது.

ஆனால் இதைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. ஊர்வனவற்றின் எலும்பை வெட்டி, தேய்த்து, மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் குறுக்குவெட்டில் இருப்பதுபோல வளர்ச்சி வளையங்கள் தெரியும். வேகமாக வளரும் வயதில் வளையங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருக்கும். வளர்ச்சி ஓயும்போது கடைசி வளையங்கள் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஸ்டீபன் ஸ்பீக்மன், டார்ஸ்டன் ஷேயர், நிக்கோலஸ் ஃபிரேசர் ஆகியோர் அடங்கிய குழு சிறிய விலங்கின் எலும்பை அப்படிப் பார்த்தது. நெருக்கியடித்த வளையங்கள் இருந்தன. ஒன்றரை மீட்டரிலேயே வளர்ச்சி முடிந்துவிட்டது. அது குட்டி இல்லை.

அதே 2020 ஆய்வில் பெரிய விலங்கின் மண்டை ஓட்டையும் எடுத்தார்கள். பாறையின் எடையில் நொறுங்கித் தட்டையாகிப் போன ஓடு. சின்க்ரோட்ரான் எனும் மிகச் சக்திவாய்ந்த எக்ஸ்ரே வசதியில் வருடி, ஒவ்வொரு துண்டையும் கணினியில் தனித்தனியாகப் பிரித்து, மறுபடி பொருத்தினார்கள். நாசித் துளைகள் முதலைக்கு இருப்பதுபோல மூக்கின் மேற்புறத்தில் இருந்தன. வாயை மூடினால் மேல் கீழ்ப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். வழுக்கும் இரையைப் பிடிக்கத்தான் அப்படிப்பட்ட வாய். ஆக ஒரே கடலில் இரண்டு இனங்கள், ஒன்றுக்கொன்று போட்டி போடாமல் வெவ்வேறு இரையைத் தின்று வாழ்ந்திருக்கின்றன. பெரியதற்கு டானிஸ்ட்ரோஃபியஸ் ஹைட்ராய்டஸ் என்று புதுப் பெயர். கிரேக்கப் புராணத்தின் பல தலை கொண்ட ஹைட்ராவை நினைத்து வைத்தது. சிறியதற்கு பஸ்ஸானி கொடுத்த லொங்கோபார்டிகஸ் என்ற இனப்பெயரே தொடர்கிறது.

வைல்டின் விளக்கத்தை வீழ்த்தியது ஓர் எலும்புச் சீவல். நீங்கள் கேட்ட வித்தியாசம் இதுதான். கதை எழுதுகிறவர் தன் பாத்திரத்தைப் பன்னிரண்டு வயதுச் சிறுமி என்று எழுதிவிட்டால், எந்த எலும்பும் வந்து இல்லை அவளுக்கு நாற்பது என்று சாட்சி சொல்லாது.

இதில் உங்கள் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கோபம் ஆய்வாளர்கள் மேல் இல்லை, படம் வரைந்து காணொளி எடுக்கிறவர்கள் மேல். கரைப் பாறையில் உட்கார்ந்து கழுத்தை மட்டும் கடலுக்குள் நீட்டி மீன் பிடிக்கும் டானிஸ்ட்ரோஃபியஸை எல்லோரும் பார்த்திருப்போம். உடம்பின் நிறம், வரிகள், கண்ணின் பளபளப்பு உட்பட எல்லாம் அதில் இருக்கும். 13 முள்ளெலும்பு என்பதும் அந்தக் காட்சியும் ஒரே தொனியில் சொல்லப்படுகின்றன. முதலாவது எண்ணிப் பார்த்தது, இரண்டாவது ஊகம். இரண்டையும் பிரித்துச் சொல்லாததால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு எல்லாமே கதையாகத் தெரிகிறது.

இனி உங்கள் பொறியியல் குற்றச்சாட்டு.

ஒரு முனையில் மட்டும் பிடிமானம் என்றீர்கள். அது காற்றில் சரி. நீருக்குள் அந்தக் கழுத்தை அதன் முழு நீளத்துக்கும் நீரே தாங்குகிறது. அடுத்து, எலும்புகளின் கட்டமைப்பைப் பாருங்கள். முள்ளெலும்புகள் உள்ளே கூடானவை, இலேசானவை. ஒவ்வொன்றிலிருந்தும் குச்சி போன்ற மெல்லிய கழுத்து விலா எலும்புகள் கிளம்பி, பின்னால் உள்ள பல முள்ளெலும்புகளைத் தாண்டிப் போகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அவை கழுத்தின் அடிப்பக்கம் நெடுக ஒரு கட்டாக ஓடுகின்றன. கான்கிரீட்டில் கம்பியை எங்கே, எதற்காகப் போடுவீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலை மிகச் சிறியது. கழுத்தில் சதையும் அதிகம் இல்லை. சில்வியோ ரெனெஸ்டோவும் ஃபிராங்கோ சாலரும் 2018இல் போட்ட கணக்குப்படி, நீளத்தில் பாதியாக இருந்த கழுத்து எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். உடம்பின் பின்பாதியும் பின்னங்கால்களும் கனமானவை. பின்னங்கால்களைத் தவளை உதைப்பதுபோல உதைத்து முன்னே பாய்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. துடுப்பு போன்ற கால்களோ, நீந்துவதற்கென்று தட்டையான வாலோ இதற்குக் கிடையாது. விரட்டிப் பிடிக்கும் வேட்டை இதனால் ஆகாது.

அப்படியானால் கழுத்து எதற்கு? கரையோரக் கலங்கல் நீரில் பெரிய உடம்பு பின்னால் தங்கிவிட, சின்னத் தலை மட்டும் முன்னே போய் இரையை நெருங்கலாம். மீனுக்கு ஆபத்து தெரிவதற்குள் வாய் பக்கத்தில் வந்திருக்கும். பெரிய டானிஸ்ட்ரோஃபியஸின் வயிற்றுப் பகுதியில் மீன் செதில்களும், கணவாய் இனத்தின் கைகளில் இருக்கும் சின்னக் கொக்கிகளும் கிடைத்திருக்கின்றன. பதுங்கியிருந்து பிடித்தது என்பது இன்னும் அனுமானம்தான், கணவாய் தின்றது அனுமானம் இல்லை.

13 எலும்புதானா என்று சிரித்தீர்கள். ஒட்டகச்சிவிங்கி ஏழை வைத்துக்கொண்டே சமாளிக்கிறது. இதில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய விலங்கு வேறொன்று. சீனாவின் குய்சோ மாகாணத்தில், ஏறத்தாழ அதே காலத்துப் பாறைகளில், டைனோசெஃபலோசாரஸ் என்று ஒன்று கிடைத்தது (பெயர் அப்படி இருந்தாலும் டைனோசார் இல்லை). அதுவும் ஐந்து மீட்டர் போல நீளம், அதற்கும் மிக நீண்ட கழுத்து. ஆனால் அதன் கழுத்தில் 32 முள்ளெலும்புகள். டானிஸ்ட்ரோஃபியஸ் சில எலும்புகளை நீட்டி வாங்கிய கழுத்தை அது எலும்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி வாங்கியது. அதன் கால்கள் துடுப்பானவை. ஒன்றின் வயிற்றுக்குள் கருவும் இருந்தது, முட்டையிடாமல் குட்டி போட்டிருக்கிறது. நிலத்தை அடியோடு விட்டுவிட்ட விலங்கு. ஒரே தேவைக்கு இரண்டு விதக் கழுத்து வந்திருக்கிறதென்றால், நீண்ட கழுத்துக்கு அந்தக் கடல்களில் ஏதோ ஒரு நல்ல வரும்படி இருந்திருக்க வேண்டும்.

செலவும் இருந்தது. 2023இல் ஸ்பீக்மனும் யூடால்டு முஹாலும் வெளியிட்ட ஆய்வைத்தான் முந்தைய கட்டுரையில் சொல்லியிருந்தேன். ஒரு பெரிய விலங்கு, ஒரு சிறிய விலங்கு, இரண்டுக்கும் தலையும் கழுத்தின் முன்பகுதியும் குலையாமல் இருக்கின்றன, உடம்பு இல்லை. இரண்டிலும் பற்குறிகள். ஒன்றில் சரியாக எலும்பு உடைந்த இடத்திலேயே பல் பதிந்திருக்கிறது. எலும்பு பச்சையாக இருக்கும்போது உடைந்த உடைவு. கடித்தது அந்தக் கடலில் வேட்டையாடிய பெரிய ஊர்வனவான நொதோசாரோ இக்தியோசாரோ ஆக இருக்கலாம். கழுத்தைத் துண்டித்துவிட்டு, சதை நிறைந்த உடம்பைத் தின்றுவிட்டு, சதையில்லாத கழுத்தையும் தலையையும் விட்டுவிட்டது. நீண்ட கழுத்துக்கு இப்படித்தான் முடிவு வரும் என்று மனிதர்கள் முன்பே கற்பனை செய்திருக்கிறார்கள். 1830இல் நிலவியலாளர் ஹென்றி டி லா பெஷ் வரைந்த புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியத்தில் ஓர் இக்தியோசார், நீண்ட கழுத்துள்ள இன்னொரு கடல் ஊர்வனவான பிளீசியோசாரின் கழுத்தைக் கவ்வுகிறது. அந்த ஓவியத்தின் பிரதிகளை விற்று, புதைபடிவங்களைத் தேடியெடுத்த மேரி ஆனிங்குக்கு உதவினார்கள். கற்பனைக்கு எலும்பில் சாட்சி கிடைக்கக் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் ஆயின.

இதைத் தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் கட்டிய பாலம் விழுந்தால் அது தோல்வி, ஏனென்றால் அது ஒரே பாலம், அது விழவே கூடாது. ஒரு டானிஸ்ட்ரோஃபியஸ் நொதோசாரின் வாய்க்குப் போவதற்கு முன் தன் வாரிசுகளை விட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. இந்த விலங்கின் எச்சங்கள் ஐரோப்பாவிலும் கிடைக்கின்றன, சீனாவிலும் கிடைக்கின்றன. பல பத்து லட்சம் ஆண்டுகள் நீடித்திருக்கிறது. கழுத்தை இழந்த இரண்டைப் பார்த்து வடிவமைப்பைத் தீர்மானித்தால், விபத்து நடந்த வண்டிகளை மட்டும் பார்த்துவிட்டு வண்டியே ஓடாது என்று சொல்வதுபோல ஆகிவிடும்.

இன்னொன்று. வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன் என்றீர்கள். இங்கே வெற்றுத்தாளில் தொடங்கிய வரைபடமே கிடையாது. அதே மலையில் மாக்ரோக்னீமஸ் என்று இதன் உறவு விலங்கு ஒன்று கிடைக்கிறது. அளவான நீளத்தில் கழுத்து, ஓடுவதற்கேற்ற நீண்ட கால்கள், பார்ப்பதற்குச் சாதாரண ஓணான் சாயல். அந்த மாதிரி ஒரு மூதாதையின் உடம்பை, ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு இருந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வந்ததுதான் டானிஸ்ட்ரோஃபியஸ். போக்குவரத்தை ஒரு நாள்கூட நிறுத்தாமல் பழைய பாலத்தையே புதிய பாலமாக மாற்றச் சொன்னால் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்களிடம் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் பதிலை உண்மையாகவே எதிர்பார்க்கிறேன்.

கடைசிக் கேள்வி. டானிஸ்ட்ரோஃபியஸைப் போலவே ஒன்று என்றால் இல்லை. ஆனால் டானிஸ்ட்ரோஃபியஸ் வாழ்ந்த அதே டிரையாசிக் காலத்து நீண்ட கழுத்து ஊர்வன ஒன்று இங்கேயும் உண்டு. பிராணஹிதா–கோதாவரி வடிநிலத்தில், எர்ரபள்ளி பாறைத் தொகுதியில் கிடைத்தது. 2003இல் கஸ்தூரி சென் அதை விவரித்து பமேலாரியா டாலிகோட்ரகீலா என்று பெயரிட்டார். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிலவியல் ஆய்வுப் பிரிவு உருவாகக் காரணமாக இருந்த பமேலா ராபின்சனின் பெயர் அது. இது தரைவாழ் விலங்கு, டானிஸ்ட்ரோஃபியஸுக்குத் தூரத்து உறவுதான், கழுத்தும் அந்த அளவுக்கு இல்லை. புள்ளியியல் கழகத்தில் டைனோசார் ஆராய்ச்சி எப்படி வந்தது என்பது தனிக் கதை. அடுத்த மாதம் எழுதுகிறேன்.

அன்புடன்.